திரும்புதா, தொங்குதா?

பிரேக் லீவர்கள் இரண்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பின்னோக்கி நீள வேண்டிய ஹேண்டில்பாரின் வளைந்த முனைகள் மேலே எழும்பி, ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு நேராக நின்றன. சைக்கிள் விலை உயர்ந்தது. கறுப்புச் சட்டகம், மெல்லிய டயர், துடைத்து வைத்த செயின். அதை உருட்டிக்கொண்டு வந்த இளைஞருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். கை இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, மலையிலிருந்து எறங்கறப்போ வளைவுல பிரேக் புடிச்சேன். பொசுக்குன்னு ஹேண்டில் முன்னால சாஞ்சுருச்சுங்க."

"விழுந்தீங்களா தம்பி?"

"இல்லீங்ணா. எப்படியோ காலை ஊனி நிறுத்திட்டேன்."

கடைக்காரர் அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். முழங்கை, முழங்கால், உள்ளங்கை. அடி ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பார்வை சைக்கிளுக்கு வந்தது. அறுபதைத் தாண்டியவர். மடித்துக் கட்டிய வேட்டி, கைவைத்த பனியன், காதில் செருகிய பென்சில். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதைச் செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்.

"திரும்புதுங்களா, தொங்குதுங்களா?"

இளைஞருக்குக் கேள்வி விளங்கவில்லை. கடைக்காரர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இடதும் வலதுமாகத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு பிரேக் லீவரின் தலையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரத்தை மெல்ல மெல்ல இறக்கினார். 'கிரிச்' என்று ஓசை வந்தது. லீவர் இன்னும் ஒரு விரல்கடை கீழே போயிற்று.

"தொங்குது."

வடவள்ளியைத் தாண்டி மருதமலைக்குப் போகும் சாலையில், வேப்ப மரத்தடியில் இருக்கிறது இந்தக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவை நகரத்திலிருந்து இருட்டோடு கிளம்பி வருகிற சைக்கிள்காரர்கள் மலையேறிவிட்டு இந்த வழியாகத்தான் திரும்புவார்கள். எதிர்ச்சாரி டீக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்தால் கடை முழுவதும் கண்ணில் படும், பேச்சும் காதில் விழும். கடைக்காரர் முன்பு ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் என்று டீ ஆற்றுகிறவர் சொன்னார். ஆலை மூடியபோது வெர்னியர் காலிப்பர், அரம் இரண்டு, ஒரு சுத்தியல் ஆகியவற்றோடு இந்த மரத்தடிக்கு வந்தாராம். அந்த வெர்னியர் இன்னும் இருக்கிறது. மரப்பெட்டிக்குள் பச்சை வெல்வெட்டில் படுத்திருக்கிறது.

அவர் கேட்ட கேள்வியின் கனம் எனக்குச் சற்றுப் பிறகுதான் புரிந்தது. சைக்கிள் ஹேண்டிலுக்கு நழுவ இரண்டு இடம் உண்டு. ஹேண்டில்பாரையும் முன் ஃபோர்க்கையும் இணைக்கும் கழுத்துத் துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். அதன் ஒரு முனை ஃபோர்க்கின் குழாயைப் பிடிக்கிறது. அந்தப் பிடி விட்டால், சக்கரம் நேரே இருக்க ஹேண்டில் மட்டும் பக்கவாட்டில் திரும்பும். மறுமுனை ஹேண்டில்பாரின் நடுப்பகுதியைக் கவ்வுகிறது. அந்தக் கவ்வு விட்டால் பார் தன் அச்சிலேயே உருண்டு தொங்கும். இரண்டுமே ஆபத்துதான். ஆனால் தொங்குவது எப்போதும் கெட்ட நேரத்தில்தான் நடக்கிறது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்போது உடம்பு முன்னே பாய்கிறது, அந்தப் பாரம் முழுவதையும் கைகள் தாங்குகின்றன, கைகள் இருப்பதோ பாரின் மையத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. நெம்புகோலின் வேலை அங்கே தொடங்கிவிடுகிறது. பிரேக் எப்போது மிகவும் தேவையோ, அப்போதுதான் பிரேக் பிடிக்கும் கைக்குக் கீழிருந்து பிடிமானம் நழுவுகிறது.

"போன வாரந்தான் நானே கழட்டி மாட்டுனேன். நல்லா இறுக்கித்தான் வெச்சேன். இன்னும் முறுக்கினா ஒடைஞ்சுருமோன்னு பயமா இருந்துச்சு."

"செரி, பாக்கலாம்."

ஸ்பேனரைத் தொடவில்லை. இந்த நிதானம்தான் என்னைப் பெஞ்சிலேயே உட்காரவைத்தது. வேறு யாராக இருந்தாலும் முதலில் அலன் கீயை எடுத்து இன்னொரு சுற்று முறுக்கியிருப்பார்கள். இவர் குனிந்தார். ஸ்டெம்மின் முகப்புத் தகட்டை நாலு போல்ட்டுகள் பிடித்திருந்தன, மேலே இரண்டு, கீழே இரண்டு. தகட்டுக்கும் ஸ்டெம்முக்கும் நடுவேயுள்ள இடுக்கில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார். மேலே நகம் நுழையவில்லை. கீழே தாராளமாக நுழைந்தது.

"பாருங்க தம்பி. மேல ஒட்டிட்டு நிக்குது, கீழ வாயைப் பொளந்துட்டு நிக்குது. நாலு பேரு தூக்குற பாரத்தை ரெண்டு பேரு தூக்கறாங்க."

பென்சிலை எடுத்து, ஸ்டெம்மின்மேலும் பாரின்மேலும் சேர்த்துக் குறுக்காக ஒரு கோடு போட வந்தவர், கறுப்பில் பென்சில் தெரியாது என்று கண்டு, கடைப் பையனிடம் வெள்ளை மார்க்கர் கேட்டு வாங்கினார். பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். கேட்பதற்கு முன்பே எடுத்துத் தர வேண்டும் என்ற துடிப்பு அவன் நிற்பிலேயே தெரிந்தது. மார்க்கர் எங்கே என்று தேடித் திணறினான். அவர் காத்திருந்தார், சத்தம் போடவில்லை.

போல்ட்டுகளைக் கழற்றினார்கள். மரைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. வியர்வை உப்பு. ஓட்டுகிறவரின் நெற்றியிலிருந்து சொட்டுவது நேராக இந்த இடத்தில்தான் விழும். தகட்டை எடுத்ததும் பாரின் நடுப்பகுதி பளபளவென்று தெரிந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார் கடைக்காரர்.

"கிரீஸா?"

"ஆமாங்ணா. எல்லா எடத்துலயும் கிரீஸ் தடவிட்டுத்தான் மாட்டணும்னு ஒருத்தரு சொன்னாருங்க."

"மரைக்குப் போடோணும். இங்க போடக்கூடாதுங்க. நீங்க தலைகீழாப் பண்ணியிருக்கறீங்க. வழுக்கக்கூடாத எடத்துல கிரீஸ், வழுக்கவேண்டிய எடத்துல உப்பு."

அவர் சொன்னதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. ஒரு போல்ட்டை முறுக்கும்போது நம் கை கொடுக்கும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. போல்ட்டின் தலைக்கு அடியில் பாதி, மரைகளுக்குள் மீதி. எஞ்சிய ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து, தகட்டைப் பாரின்மேல் அழுத்துகிறது. மரையில் உப்பும் துருவும் சேர்ந்தால் அந்த ஒரு பங்கும் சுருங்கும். கை முறுக்கித் தளர்ந்துவிடும், இறுகிவிட்டது என்று தோன்றும், உள்ளே இழுவிசை இருக்காது. மரை சுத்தமாக இருந்தால் 5 மில்லிமீட்டர் போல்ட்டில் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு ஏறத்தாழ அரை டன் இழுவிசையைத் தருகிறது. நாலு போல்ட்டும் சமமாக இழுத்தால் இரண்டு டன். விரல் நீளம்கூட இல்லாத அலுமினியத் துண்டு இரண்டு டன் பலத்தோடு ஒரு குழாயைக் கவ்விக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் அந்தச் சின்னப் பொருளின்மேல் மரியாதை வருகிறது.

பையன் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைப் பெட்ரோலில் தோய்த்து ஒவ்வொரு மரையாகத் தேய்த்தான். கடைக்காரர் பனியன் வேஸ்ட் துணியை ஸ்பிரிட்டில் நனைத்துப் பாரையும் ஸ்டெம்மின் உள்வளைவையும் துடைத்தார். துணி கறுத்தது. வேறு துணி எடுத்தார். துணி வெள்ளையாகத் திரும்பி வரும்வரை துடைத்தார். பாரின்மேல் ஒரு வட்டக் கீறல் தெரிந்தது, உருண்டபோது விழுந்தது. அதன்மேல் நகத்தைக் குறுக்காக ஓட்டினார். நகம் சிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெயிலில் பிடித்து இன்னொரு முறை பார்த்தார்.

"அண்ணா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு விடட்டுங்களா? சொரசொரன்னு இருந்தாப் புடிக்குமில்ல?"

பையனின் யோசனை நியாயமானதுதான், பல கடைகளில் அதைத்தான் செய்கிறார்கள்.

"இரும்புப் பார்னா நானே தேய்க்கச் சொல்லுவேன். இது அலுமினியம். கீறல் போட்டா அங்கிருந்துதான் வெடிப்பு கெளம்பும். இருக்கற கீறலே போதும்."

இரும்புக்கு ஒரு பொறுமை உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் முறை வளைந்து நிமிர்ந்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு வேகத்தடையும் அதன் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். பார் முறிந்தால் பெரும்பாலும் ஸ்டெம்மின் ஓரத்தில்தான் முறியும். அங்கே போய் உப்புத்தாளால் வளையம் போட்டுக் கொடுப்பது, பிடிமானத்துக்காக உயிரை அடகு வைப்பது.

கடைக்காரர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்தார். கார்பன் பேஸ்ட் என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும். கார்பன் பார்களை அதிகம் முறுக்கினால் நொறுங்கும் என்பதால், குறைந்த முறுக்கிலேயே பிடிப்பு கிடைக்க இதைப் பூசுகிறார்கள். அலுமினியத்துக்கும் இது உதவும். விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் கலந்த பசையோ என்று தோன்றும். கெட்டியான நுண்மணிகள் அதில் இருக்கின்றன. தகடு அழுத்தும்போது அவை இரு பரப்புக்கும் நடுவில் பதிந்து உருளாமல் தடுக்கின்றன. ஒரு மிளகளவு எடுத்து, பையனிடம் கொடுத்து, மெல்லிசாகப் பூசச் சொன்னார்.

தகட்டை வைத்து, நாலு போல்ட்டையும் விரலாலேயே ஏற்றினார். இளைஞரைச் சைக்கிளில் உட்காரச் சொல்லி, பாரைச் சற்றே உயர்த்தி, சற்றே தாழ்த்தி, "கை வலிக்காம எங்க நிக்குது, சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு வைத்தார். பிறகு அலன் கீ. மேல் இடதில் அரைச் சுற்று, கீழ் வலதில் அரைச் சுற்று, மேல் வலது, கீழ் இடது. மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு இடுக்கைப் பார்த்தார். மேலும் கீழும் ஒரே அளவு. சில கம்பெனி ஸ்டெம்களில் மேல் போல்ட்டுகளை இடுக்கே இல்லாமல் முதலில் மூடிவிட்டுக் கீழே மட்டும் இறுக்கச் சொல்லி அச்சிட்டிருப்பார்கள், அது வேறு வடிவமைப்பு. இதில் அப்படி எதுவும் எழுதவில்லை என்பதைக் கண்ணாடியை இறக்கிப் படித்து உறுதி செய்துகொண்டார். ஸ்டெம்மில் பொறித்திருந்தது 5 நியூட்டன் மீட்டர் என்ற ஒன்று மட்டும்தான்.

கடைசிச் சுற்றுக்குத் துணியில் சுற்றி வைத்திருந்த டார்க் ரெஞ்சை எடுத்தார். அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் கருவி. நாலு முறை டிக் கேட்டது. முதல் போல்ட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி வைத்தார். அது கால் சுற்று கூடுதலாகப் போய்த்தான் டிக் என்றது. மற்ற மூன்றும் இறுகும்போது முதலாவது தளர்ந்துவிடும், அதனால் இன்னொரு வலம் வர வேண்டும். பையன் இதைக் கவனித்தான். அவன் கவனித்ததை அவரும் கவனித்தார்.

புதிதாக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டு, லீவர்களின்மேல் ஏறி நிற்காத குறையாக உடம்பை இறக்கினார். கோடு முறியவில்லை.

இளைஞர் கிளம்பிய பிறகு பால்காரர் ஒருவர் போனார். கேரியரின் இருபுறமும் கேன்கள், ஹேண்டிலில் இரண்டு தூக்குகள். ராடு பிரேக் வைத்த பழைய சைக்கிள். அந்தச் சைக்கிளில் நான் சொல்லிக்கொண்டிருக்கும் வியாதியே கிடையாது. அதில் ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் தனித்தனி அல்ல, பித்தளை வைத்துச் சேர்த்துப் பற்றவைத்த ஒரே உடம்பு. கவ்வும் இல்லை, நழுவலும் இல்லை. உயரத்தை மாற்றலாம், கோணத்தை மாற்ற முடியாது. ஓட்டுகிறவர்தான் அதற்கேற்பத் தன் உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். நெல் மூட்டையும் வாழைத்தாரும் குடும்பமும் ஏறிய சைக்கிளுக்கு அந்த உறுதி தேவைப்பட்டது. கோணத்தைத் தன் கைக்கேற்ப வைத்துக்கொள்ளும் வசதி வந்தபோதுதான் ஓர் இணைப்பு கூடிற்று. இணைப்பு கூடியதும் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கூடிற்று. பழைய வகையில் ஹேண்டில் பக்கவாட்டில் திரும்புவது மட்டும் உண்டு. அதற்கு, மேலே தெரியும் நீள போல்ட்டைத் திருகினால், குழாய்க்குள்ளே இருக்கும் கூம்பு ஏறி ஸ்டெம்மின் தண்டை விரித்துப் பிடிக்கவைக்கும்.

அடுத்து வந்தவரைக் கடைக்காரர் "வாங்க சார்" என்று எழுந்து வரவேற்றார். வேளாண் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். பல ஆண்டுகளாக வைத்திருக்கும் கியர் சைக்கிள். பழைய பார் விழுந்து வளைந்துபோனதால் புதிய பார் வாங்கி அவரே மாட்டியிருக்கிறார். நழுவியது. டியூப் ரப்பரை வெட்டி நடுவில் சுற்றினார். அதற்குப் பிறகும் நழுவியது, முன்பைவிட மோசமாக.

ரப்பரை உருவி எடுத்துக் கீழே போட்டார் கடைக்காரர். "ரப்பர் புடிக்கற மாதிரி காட்டும் சார். பாரம் வந்தா நசுங்கி நசுங்கி எடம் விட்டுரும்." பிறகு ஸ்டெம்மின் கவ்வைக் காட்டினார். இது ஒற்றைப் போல்ட் வகை. அடியில் ஒரு பிளவு, பிளவின் இருபுறமும் இரண்டு காதுகள், காதுகளைச் சேர்த்து இழுக்க ஒரு போல்ட். இரண்டு காதுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"காது ரெண்டும் ஒட்டிருச்சுங்க. இதுக்கு மேல எவ்வளவு முறுக்குனாலும் காதைத்தான் புடிக்கும், பாரைப் புடிக்காது."

வெர்னியர் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. பழைய பாரின் நடுப்பகுதி 26 மில்லிமீட்டர். புதிய பார் 25.4. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் 0.6 மில்லிமீட்டர். ஓய்வு பெற்றவர் வெர்னியரைத் தாமே வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார்.

சைக்கிள் உலகின் பழைய குழப்பம் இது. 25.4 என்பது சரியாக ஓர் அங்குலம். இத்தாலிக்காரர்கள் பந்தய சைக்கிள்களுக்கு 26 மில்லிமீட்டரை வைத்துக்கொண்டார்கள். இரண்டும் அக்கம்பக்கமாக எத்தனையோ ஆண்டுகள் புழங்கின. இன்று பரவலாக இருப்பது ஒன்றேகால் அங்குலம், 31.8 மில்லிமீட்டர். அந்தப் பருமனால் நழுவலும் குறைந்தது. உராய்வு என்பது அழுத்தும் விசையைப் பொறுத்தது, தொடும் பரப்பின் அகலத்தைப் பொறுத்ததல்ல என்று கியோம் அமோந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1699இல் எடுத்துச் சொன்னார். ஆகவே கவ்வை அகலமாகச் செய்வதால் மட்டும் பெரிய லாபம் இல்லை. ஆனால் பார் பருத்தால், அதே உராய்வு மையத்திலிருந்து தள்ளி நின்று எதிர்க்கிறது. 25.4இலிருந்து 31.8க்குப் போகும்போது, அதே இறுக்கத்துக்குப் பிடிமானம் கால் பங்கு கூடுகிறது.

"கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி வெக்கலாங்களாண்ணா?" என்றான் பையன்.

"வழியில நின்னுட்டா வெச்சுக்கிட்டு வீடு வந்து சேரலாம். அந்தத் தகடு 0.1தான் இருக்கும். நமக்கு 0.3 வேணும். மூணு சுத்து சுத்துனா ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கும்."

அடுத்த சந்தில் லேத் பட்டறை. கோவையில் எந்தச் சந்திலும் ஒரு லேத் இருக்கும், அது ஞாயிற்றுக்கிழமையும் பாதிக் கதவு திறந்திருக்கும். பையன் ஓடிப்போய் 0.3 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் ஒரு துண்டு வாங்கி வந்தான். கடைக்காரர் அதைக் கவ்வின் அகலத்துக்கு வெட்டி, நீளத்தை 75 மில்லிமீட்டராக நறுக்கினார். முழுச் சுற்றுக்கு 80க்கு மேல் வேண்டும். ஆனால் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, தகட்டின் இடைவெளி ஸ்டெம்மின் பிளவுக்கு நேராக வர வேண்டும், அப்போதுதான் கவ்வு சுருங்கும்போது தகடும் சேர்ந்து சுருங்கும். வெட்டிய ஓரங்களின் பிசிறை அரத்தால் நாலு இழுப்பு இழுத்து எடுத்தார். குழாய்மேல் வைத்து உருட்டி வளைத்தார். மாட்டி இறுக்கியபோது காதுகளுக்கு நடுவில் நல்ல இடைவெளி நின்றது.

"இது கைவைத்தியந்தான் சார். 25.4 ஸ்டெம் கெடைக்குதான்னு பாத்துட்டே இருங்க. கெடைச்சா மாத்திருவோம்." தன் வேலை நன்றாக அமைந்த பிறகும் அது முழு மருந்தல்ல என்று சொல்கிறவரை நம்பிச் சைக்கிளை விடலாம்.

வெயில் ஏறியபோது ஒரு பெண் தன் மகனோடு வந்தார். சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது. தடித்த டயர் போட்ட, ஆங்காங்கே பெயின்ட் உரிந்த சைக்கிள். ஹேண்டிலைத் தள்ளினால் முன்னால் போகிறது, இழுத்தால் பின்னால் வருகிறது.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போகோணுங்கண்ணா. ஒரு இறுக்கு இறுக்கிக் குடுத்துருங்க."

"கொண்டாங்க அம்மிணி. கண்ணு, நீ எப்படிடா இதுல ஓட்டிட்டு வந்தே?"

"தள்ளிட்டு வந்தேனுங்க." பயல் பொய் சொல்வது அவனுடைய அம்மாவுக்கும் தெரிந்தது.

ஸ்டெம்மை யாரோ முன்பே வைத்தியம் பார்த்திருந்தார்கள். போல்ட் அளவுக்கு மேல் நீளம், நட்டுக்கு அடியில் வாஷர்கள் மூன்று. பிளவுக்குள் ஓர் ஆணியை அடித்துச் செருகியிருந்தார்கள். போல்ட்டின் மரை மழுங்கி, நட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பாரின் நடுவில் பிடிமானத்துக்காகச் செதுக்கியிருந்த நெளிவரிகள் உருண்டு உருண்டு தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. கடைப் பையன் புது போல்ட்டும் நட்டும் எடுத்துவந்து நீட்டினான். கடைக்காரர் கை நீட்டவில்லை. ஸ்டெம்மைக் கழற்றி, உள்வளைவைத் துடைத்து, ஆணி இருந்த இடத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்பீஸ் எடுத்துட்டு வா."

ஸ்டெம்மை மண்ணெண்ணெயில் போட்டுச் சற்று நேரம் ஊறவிட்டார். எடுத்து, ஈரம் சிறிதும் இல்லாமல் துடைத்தார். சாக்பீஸைப் பொடித்து, விரலால் தட்டித் தட்டிக் கவ்வின்மேல் தூவினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைப் பொடியின்மேல், பிளவின் மூலையிலிருந்து ஒரு மெல்லிய கருங்கோடு மெதுவாக எழுந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெயைப் பொடி உறிஞ்சி வெளியே காட்டுகிறது. ஆலைகளிலும் பட்டறைகளிலும் இயந்திர அச்சுகளைச் சோதிக்க நெடுங்காலமாகக் கையாண்ட வழி அது. ஒரு குழந்தையின் சைக்கிளுக்கு அதைச் செய்து பார்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"பாருங்க அம்மிணி. வெடிச்சிருக்கு."

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். "வெல்டிங் வெச்சுட்டா ஆகாதுங்களா?"

"வெச்சா இன்னிக்கு நிக்கும். சூட்டுல வட்டம் கோணிக்கும், பொறவு பாரை ஒழுங்காப் புடிக்காது. அந்த ஒட்டுக்குப் பக்கத்துலயே மறுபடி வெடிக்கும். லாரி ஓடற ரோடுங்க இது. ஹேண்டில் கையோட வந்துருச்சுன்னா புள்ளை என்ன பண்ணுவான்?"

அவர் பதில் சொல்லவில்லை. முந்தானை முடிச்சில் இருந்த பணத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைக்காரர் அதைப் பார்க்காதவராகப் பெட்டியைக் குடைந்தார். பழைய சாமான் பெட்டி. மூன்று ஸ்டெம்கள் வெளியே வந்தன. ஒன்றின் தண்டு மெல்லியது, ஃபோர்க் குழாய்க்குள் ஆடியது. இன்னொன்றின் கவ்வு வேறு அளவு. மூன்றாவதன் தண்டு 22.2, கவ்வு 25.4, இரண்டும் பொருந்தின. அதையும் விடவில்லை. மண்ணெண்ணெய், துணி, சாக்பீஸ் பொடி. கோடு எழவில்லை என்று பார்த்த பிறகுதான் கீழே வைத்தார்.

"பழசுக்கு நூறு ரூபா குடுங்க. போல்ட்டு நட்டு பத்து ரூபா. அவ்வளவுதான்."

பார் இரும்பு. அதனால் இப்போது உப்புத்தாளைப் பையனிடம் அவரே கொடுத்தார். அவன் முகம் மலர்ந்தது. துருவும் வழவழப்பும் போகும்வரை தேய்த்தான். ஸ்டெம்மின் தண்டிலும் உள்ளிருக்கும் கூம்பிலும் கிரீஸ் தடவினார் கடைக்காரர். அங்கே கிரீஸ் வேண்டும், இல்லாவிட்டால் நாளடைவில் துருப்பிடித்து ஃபோர்க்கோடு ஒட்டிக்கொண்டு எதற்கும் அசையாது. தண்டில் பொறித்திருந்த கோடு மறையும்வரை உள்ளே இறக்கினார். அந்தக் கோட்டுக்கு மேலே தூக்கி வைத்து ஓட்டுகிறவர்கள் பலர் உண்டு, உயரம் போதவில்லை என்று. உள்ளே பிடித்துக்கொள்ள நீளம் போதாமல் அது முறிந்து வரும்.

கவ்வை இறுக்கி, காதுகளுக்கு நடுவில் இடைவெளி இருப்பதைப் பார்த்து, வெள்ளைக் கோடு போட்டுவிட்டு, சிறுவனைக் கூப்பிட்டார்.

"நீயே அமுத்திப் பாரு."

சிறுவன் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துத் தொங்கினான். கால்கள் தரையை விட்டு எழும்பின. கோடு அப்படியே இருந்தது. "ஆடலீங்க!" என்று கத்தினான்.

வெடித்த ஸ்டெம்மைக் கடைக்காரர் பழைய சாமான் பெட்டியில் போடவில்லை. பட்டடையில் வைத்து, கவ்வு இரண்டாகப் பிளக்கும்வரை சுத்தியலால் அடித்தார். நாளைக்கு யாராவது அதை எடுத்து இன்னொரு சைக்கிளில் மாட்டிவிடலாம் அல்லவா.

"அடுத்த ஞாயித்துக்கெழமை ஒருக்கா கொண்டாங்க அம்மிணி. மறுபடி புடிச்சுப் பாக்கோணும்."

"இப்பத்தானுங்களே மாத்துனீங்க?"

"புது போல்ட்டு பாரம் வாங்குனதும் கொஞ்சம் உக்காருமுங்க. பெயின்ட்டு நசுங்கும், துருத் துணுக்கு இருந்தா அதுவும் நசுங்கும். அந்த அளவுக்கு இறுக்கம் கொறையும். அப்ப ஒரு சுத்து குடுத்தாப் போதும். அதுக்குக் காசு வேண்டாம்." பிறகு சிறுவனிடம் திரும்பினார். "அதுவரைக்கும் தெனமும் இந்த வெள்ளைக் கோட்டைப் பாத்துட்டுத்தான் ஏறோணும். கோடு ஒடைஞ்சிருந்தா ஏறாதே, தள்ளிட்டு வா. நெசமாத் தள்ளிட்டு வரோணும், செரியா?"

"செரிங்க."